9 மீட்டர் லேஸில் ஒரு சேலை

பீரோவில் கிடக்கும் ஒற்றை நிறப் பருத்திச் சேலைக்கு லேஸ் வைக்க நினைப்பவர்கள், நாலு பக்கமும் வைக்கத்தான் முதலில் ஆசைப்படுவார்கள். சேலை நீளம் 5.5 மீட்டர், அகலம் 1.2 மீட்டர் என்றால் சுற்றளவு 13.4 மீட்டர். மொத்தக் கடைகளில் சேலை லேஸ் பெரும்பாலும் 9 மீட்டர் கட்டாக வருகிறது. இரண்டு கட்டு வாங்க வேண்டும். மீட்டர் 20 ரூபாய் என்று கணக்கு வைத்தால் 360 ரூபாய். இதில் பாதி வீண்.

கட்டிய பிறகு வெளியே தெரிவதை மட்டும் அளந்து பாருங்கள். கீழ்க்கரையில் முதல் சுற்று, சுமார் 1 மீட்டர், மேல்சுற்றுக்குள் மறைந்துவிடும், மிச்சம் 4.5. முந்தானை ஓரம் 1.2. மேல்கரையில் இடுப்பில் சொருகுவது போக, மார்பின் குறுக்கே ஏறித் தோளில் விழும் பகுதி 2.2. மொத்தம் 7.9 மீட்டர், ஒரே கட்டு, 180 ரூபாய்.

பருத்தி லேஸைத் தைக்கும் முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டே ஆக வேண்டும். 3 சதவீதம் சுருங்கினாலும் 9 மீட்டரில் 27 சென்டிமீட்டர் போய்விடும். ஊறவைக்காமல் தைத்தால் முதல் துவையலிலேயே அந்தச் சுருக்கம் சேலை ஓரத்தை இழுத்து, கரை நெடுக அலை அலையாக நிற்கும். பிரித்துத் தைக்கும் கூலி லேஸ் விலையைத் தொட்டுவிடும். ஊறியபின் கையில் 8.73 மீட்டர், சேலைக்குப் போக சுமார் 80 சென்டிமீட்டர் மிஞ்சும். 30 சென்டிமீட்டர் சுற்றுள்ள இரண்டு ஜாக்கெட் கைகளுக்கு, மடிப்பு சேர்த்து, 68 போதும்.

இரண்டு வரிசைத் தையலுக்கு நூல் 40 மீட்டர் பிடிக்கும். மிஷின் தையல், போகும் தூரத்தைப் போல் இரண்டரை மடங்கு நூலைத் தின்னும். மேல்நூல் லேஸ் நிறம், பாபின் நூல் சேலை நிறம். இரண்டு வரிசையையும் ஒரே திசையில் ஓட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் லேஸ் முறுக்கிக்கொள்ளும். ஃபால்ஸ் கடைசியில், அடித்தையலை அது மூடிவிடும்.

அகல லேஸ் மீட்டர் 60 ரூபாய் என்றால் முழுக் கட்டு 540. முந்தானைக்கு மட்டும் 1.3 மீட்டர் வெட்டி வாங்கினால் 78 ரூபாய்தான். பணத்தை அங்கே போடலாம், பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான்.

லேஸே வாங்காத வழியும் உண்டு. உடல் கிழிந்து, இரு கரையும் நன்றாக இருக்கும் பழைய பட்டுச்சேலையில் 11 மீட்டர் கரை இருக்கிறது. உள்ளே மடிக்க ஒன்றரை சென்டிமீட்டர் துணி விட்டு வெட்ட வேண்டும். ஈர வெள்ளைத்துணியால் அழுத்தித் துடைத்துச் சாயம் ஒட்டுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒட்டினால் வெளிர்நிறச் சேலைக்கு அது ஆகாது. சேலைக்கு 7.9 போனபின் 3.1 மீட்டர் நிற்கும்; 2.5 மீட்டர் சுற்றுள்ள சிறுமியின் பாவாடைக்குத் தாராளம்.