விழுப்புரத்துக்காரரும் வேற்றுக்கிரகவாசியும்

வேற்றுக்கிரகவாசியைத் தேடுகிற வேலையில் எங்கள் விழுப்புரத்துக்கும் பங்கு உண்டு என்றால், திண்டிவனத்தில் ரயில் ஏறும் ஆபீஸ் நண்பர்கள், ‘காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா?’ என்கிறார்கள். நீங்களாவது சிரிக்காமல் கேளுங்கள்.

2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கியதே சந்திரயான்-3, அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே ஊழியரின் மகன். உள்ளூரில் டிப்ளமோ; பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம். இது ஊரறிந்த கதை. பலர் கவனிக்காத கதை ஒன்று உண்டு. லேண்டரை நிலவு வரை சுமந்து போன வாகனத்தில் ‘ஷேப்’ என்றொரு கருவி இருந்தது. நிலவுப் பக்கம் போய், அங்கிருந்து திரும்பிப் பூமியைப் பார்ப்பதுதான் அதன் வேலை!

எதற்கு? சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமே 4.2 ஒளியாண்டு தூரம். வாயேஜர் வேகத்தில் போனால் 70,000 வருஷத்துக்கு மேலாகும். அவ்வளவு லீவு எந்த ஆபீஸில் கொடுப்பார்கள்? ஆகவே, அங்கிருந்து வரும் வெளிச்சத்தைத்தான் படிக்க வேண்டும். ஒரு கிரகத்தின் காற்றில் ஆக்ஸிஜனோ நீராவியோ இருந்தால், அதன் ஒளியில் அதற்கென்று ஓர் அடையாளம் விழும். உயிருள்ள கிரகத்தின் கைரேகை எப்படியிருக்கும்? ஒப்பிட்டுப் பார்க்கக் கைவசம் உள்ள ஒரே சாம்பிள் நாம்தான்.

ஷேப்பின் கண்ணுக்கு விழுப்புரமும் தெரியாது, நியூயார்க்கும் தெரியாது. எல்லாம் சேர்ந்து ஒரே வெளிச்சம். வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்கள் 6,000-க்கு மேல் கண்டுபிடித்தாயிற்று. ஒன்றிலாவது இதே கைரேகை கிடைக்கிறவரை, உயிர் இருப்பதாக உறுதியான விலாசம் ஒன்றே ஒன்றுதான் சார். பத்திரம்!