மண்ணுக்குள் பழங்காசு: எந்த மெட்டல் டிடெக்டர் கண்டுபிடிக்கும்?

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்று ஒரு கிராமம். 1992 நவம்பரில் அங்கே ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துவிட்டது. அவருடைய நண்பர் எரிக் லாஸ் தன்னிடமிருந்த மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு தேடப் போனார். சுத்தியல் கிடைத்தது. அதற்கு முன்பே கிடைத்தவை ரோமானியர் காலத்துப் பொற்காசுகளும் வெள்ளிக் காசுகளும் நகைகளும்! காசுகள் மட்டும் மொத்தம் 14,865. இன்றைக்கு அந்தப் புதையலோடு அந்தச் சுத்தியலும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

மெட்டல் டிடெக்டர் என்றால் நமக்கு ஞாபகம் வருவது ஏர்போர்ட்டும் பெரிய கோயில்களின் வாசலும்தான். ஆனால் இங்கிலாந்தில் அது ஒரு பொழுதுபோக்குச் சாதனம். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போகிறவர்களைப் போல, டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலை நிமித்தமாக சஃபோக்கில் குடியிருக்கும் நானும் அவர்களில் ஒருவன்.

கடையில் போய்க் கேட்டால் 150 பவுண்டுக்கும் கருவி உண்டு, 1,500 பவுண்டுக்கும் உண்டு. "விலை கூடக்கூட ஆழம் கூடும் சார்" என்பதுதான் எல்லாக் கடையிலும் சொல்லும் பதில். அது உண்மையா என்று மூன்று கருவிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எப்படி வேலை செய்கிறது?

டிடெக்டரின் அடியில் தட்டு போல இருப்பதற்கு காயில் என்று பெயர். அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்று சிக்னலை அனுப்புவது, மற்றது வாங்குவது. அனுப்பும் சுருளில் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம் பாய்கிறது. அதனால் காயிலைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் ஒரு காசு இருந்தால் அந்தக் காந்தப்புலம் காசுக்குள் சின்னச் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். அவை தங்கள் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைக் கிளப்பும். அதைத்தான் இரண்டாவது சுருள் வாங்குகிறது.

திரும்பி வரும் சிக்னல் சற்றுத் தாமதமாக வரும். வெள்ளிக்கு ஒரு மாதிரி, ஈயத்துக்கு ஒரு மாதிரி, இரும்புக்கு முற்றிலும் வேறு மாதிரி. கருவிக்குள் இருக்கும் மைக்ரோப்ராசசர் இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டு, திரையில் ஒரு எண்ணையும் ஹெட்ஃபோனில் ஒரு ஒலியையும் தருகிறது. பல கருவிகளில் இந்த எண் 0 முதல் 99 வரை இருக்கும். எண் பெரிதாக இருந்தால் வெள்ளியாகவோ செம்பாகவோ இருக்கலாம், சிறிதாக இருந்தால் இரும்பாக இருக்கலாம்.

"இருக்கலாம்" என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். அலுமினிய டின்னின் வளையமும் தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். கருவி உலோகத்தின் பெயரைப் படிப்பதில்லை, மின்சாரம் அதில் எப்படி ஓடுகிறது என்பதைத்தான் அளக்கிறது.

ஆழக் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்கு. காயிலின் அகலத்தைவிட ஆழம் அதிகமாகிவிட்டால், தூரம் இரண்டு மடங்காகும்போது திரும்பி வரும் சிக்னல் பாதியாகக் குறைவதில்லை, கிட்டத்தட்ட 64ல் ஒரு பங்காகக் குறைகிறது! போகும்போது எட்டில் ஒரு பங்கு, வரும்போது எட்டில் ஒரு பங்கு. கருவியின் சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் ஆழம் சில சென்டிமீட்டர்தான் கூடும். விலை உயரும் வேகத்தில் ஆழம் உயராததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

மூன்று கருவிகள், நான்கு டெஸ்ட்கள்

கம்பெனி பெயர்களை நான் சொல்லப் போவதில்லை. மாடல்கள் வருடத்துக்கு வருடம் மாறும், டெஸ்ட் செய்யும் முறை மாறாது. முதல் கருவி 150 பவுண்டு, ஒரே ஃப்ரீக்வென்சி. இரண்டாவது 400 பவுண்டு, ஒரே நேரத்தில் பல ஃப்ரீக்வென்சிகளில் வேலை செய்வது. மூன்றாவதும் அதே வகைதான், ஆனால் வேகமான ப்ராசசர், வயர்லெஸ் ஹெட்ஃபோன், 1,100 பவுண்டு. ஒன்று என்னுடையது, மற்றவை நண்பர்களிடம் இரவல்.

டெஸ்ட் 1 – காற்றில்: மரமேஜை மேல் கருவியைப் படுக்க வைத்து, 19 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு ஆறு பென்ஸ் வெள்ளிக் காசைக் காயிலுக்கு முன்னால் ஆட்டிப் பார்த்தேன். முதல் கருவிக்கு 22 செ.மீ., இரண்டாவதற்கு 28, மூன்றாவதற்கு 31. கடையில் செய்து காட்டுவது இந்த டெஸ்ட்டைத்தான்.

டெஸ்ட் 2 – மண்ணில்: வீட்டுத் தோட்டத்தில் வெவ்வேறு ஆழங்களில் அதே வகைக் காசுகளைப் புதைத்து, மண் இறுகட்டும் என்று இரண்டு மாதம் விட்டுவிட்டேன். இப்போது ஆழம் 15, 20, 23 என்று இறங்கியது. மண்ணில் இருக்கும் இரும்புத் தாதுவும் ஈரமும் காயிலுக்குச் சிக்னல் கொடுப்பதால் வந்த இறக்கம் இது. சில்லறைக்காக இரண்டாக வெட்டப்பட்ட மெல்லிய வெள்ளிப் பென்னி ஒன்றையும் வைத்திருந்தேன். இடைக்கால இங்கிலாந்தில் அப்படி வெட்டித்தான் அரைப் பென்னி, கால் பென்னி ஆக்கிக்கொண்டார்கள். அதற்குக் கிடைத்த ஆழம் 10, 15, 16. ஏழு மடங்கு விலைக்கு ஆறு சென்டிமீட்டர்!

டெஸ்ட் 3 – ஆணிப் பலகை: ஒரு பலகையில் நான்கு துருப்பிடித்த ஆணிகள், நடுவில் காசு. நான்கு திசைகளிலிருந்தும் இரண்டிரண்டு முறை, மொத்தம் எட்டு முறை காயிலை வீசினேன். முதல் கருவி 2 முறை காசு இருக்கிறது என்றது. இரண்டாவது 4 முறை. மூன்றாவது 7 முறை. ஆழத்தில் தெரியாத வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரிகிறது பாருங்கள்.

அதோடு விடவில்லை. இரண்டாவது கருவியில் இருந்த 28 செ.மீ. காயிலைக் கழற்றிவிட்டு, 15 செ.மீ. சின்னக் காயிலை மாட்டினேன். இப்போது அதுவும் 7 முறை சொன்னது! சின்னக் காயில் ஒரு நேரத்தில் பார்க்கும் இடம் குறைவு. அதனால் ஆணியையும் காசையும் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. பதிலுக்கு ஆழம் 20லிருந்து 17 ஆகக் குறைந்தது. காயிலின் விலை 100 பவுண்டு. அதாவது 500 பவுண்டில் 1,100 பவுண்டு வேலை.

டெஸ்ட் 4 – வயலில்: உரிமையாளரின் அனுமதியோடு ஒரு வயலில் 40 மீட்டர் நீளத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டேன். முதல் கருவிக்கு வெள்ளைக் கொடி, இரண்டாவதற்கு மஞ்சள், மூன்றாவதற்குச் சிவப்பு. சிக்னல் வந்த இடத்தில் கொடி நட வேண்டும். மூன்றையும் சுற்றி முடிக்கும்வரை எதையும் தோண்டக்கூடாது. இதுதான் முக்கியம். தோண்டிவிட்டால் அடுத்த கருவிக்கு ஒப்பிட எதுவும் இருக்காது.

வெள்ளை 11, மஞ்சள் 17, சிவப்பு 21. மொத்தம் 26 இடங்கள். மூன்று நிறமும் சேர்ந்து நின்றவை 9. தோண்டியதில் வந்தவை ஈயத் துண்டுகள், பித்தளைப் பொத்தான்கள், துப்பாக்கித் தோட்டாவின் அடிப்பகுதிகள், நான்கு காசுகள். இரண்டு விக்டோரியா பென்னி, ஒரு ஐந்தாம் ஜார்ஜ் அரைப் பென்னி. இந்த மூன்றும் மூன்று நிறக் கொடிகளும் நின்ற இடங்களில் கிடைத்தன.

நான்காவது காசு தனியாக நின்ற ஒரு சிவப்புக் கொடியின் கீழ் இருந்தது. தோண்டுவதற்கு முன் சின்னக் காயில் மாட்டிய இரண்டாவது கருவியை அங்கே வீசிப் பார்த்தேன், அதுவும் சிக்னல் தந்தது. முதல் கருவி கடைசிவரை வாய் திறக்கவில்லை. உள்ளே இருந்தது வெட்டப்பட்ட அரை வெள்ளிப் பென்னி. ஆழம் வெறும் 7 செ.மீ. பக்கத்தில் நான்கு விரற்கடை தூரத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி. சுத்தமான மண்ணில் இதே மாதிரிக் காசை 10 செ.மீ. ஆழத்தில் கேட்ட முதல் கருவிக்கு, ஆணிக்குப் பக்கத்தில் 7 செ.மீ.யில் கேட்கவில்லை. ஆக, காசைத் தவறவிடுவது ஆழத்தால் அல்ல, இரும்பால்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1881ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க டெலிபோன் புகழ் கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியைக் கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பிவிட்டன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு காரணம்.

செட்டிங் டிப்ஸ்

* இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷன் செட்டிங்கை முழுதாக ஏற்றாதீர்கள். ஆணியின் ஒலியோடு காசின் ஒலியும் அடங்கிவிடும். இரும்புக்குத் தாழ்ந்த ஒலி வைத்துக் காதால் ஒதுக்குவது நல்லது.
* ரெகவரி ஸ்பீடு என்று ஒரு செட்டிங் உண்டு. ஒரு சிக்னல் முடிந்து அடுத்ததற்குக் கருவி தயாராகும் வேகம் அது. ஆணி நிறைந்த இடத்தில் கூட்டுங்கள், சுத்தமான மண்ணில் குறையுங்கள்.
* சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்தால் கருவி சும்மாவே கத்தும். அமைதியாகும்வரை குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.
* செல்போனைக் காயிலுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். மின்கம்பிகளுக்குக் கீழேயும் கருவி உளறும்.
* சிக்னல் வந்த இடத்தை 90 டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் தோண்டலாம்.

கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு

காசு கையில் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாத காசு வெறும் உலோகத் துண்டுதான். நான் எக்செல்லில் ஒரு ஃபைல் வைத்திருக்கிறேன். தேதி, செல்போன் ஜிபிஎஸ் காட்டிய இடம், ஆழம், கருவி காட்டிய எண், எடை, அகலம், இரண்டு பக்கத்துப் போட்டோ. பொத்தானையும் ஈயத்தையும் கூட எழுதுகிறேன். பத்து மாதக் கணக்கை வரிசைப்படுத்திப் பார்த்தால், பழங்காசுகள் வயலின் எந்த மூலையில் கூடுகின்றன என்று தெரிந்துவிடும்.

இந்த விவரங்களை அங்கே போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்ற அமைப்பிடம் கொடுக்கலாம். 1997ல் தொடங்கிய இத்திட்டத்தின் டேட்டாபேஸில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதிவாகியிருக்கின்றன. நம் ஊரில் வீட்டில் உட்கார்ந்தபடியே இன்டர்நெட்டில் இலவசமாகப் பார்க்கலாம். திருடர்கள் போய்த் தோண்டிவிடாமல் இருக்க, கிடைத்த இடத்தை மட்டும் துல்லியமாகக் காட்ட மாட்டார்கள்.

பெரிதாக ஏதாவது கிடைத்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். 2010ல் சோமர்செட்டில் ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகே டேவ் கிரிஸ்ப் என்பவர் ஒரு பானையின் வாயைக் கண்டார். மேற்கொண்டு தோண்டாமல் தொல்லியல் துறையினரைக் கூப்பிட்டார். அவர்கள் அடுக்கு அடுக்காக எடுத்தபோது 52,503 ரோமானியக் காசுகள் வந்தன. கடைசியாக அச்சான காசுகளில் பெரும்பகுதி பானையின் கீழ்ப்பாதியில் இருந்தது. அப்படியானால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது இல்லை, ஒரே தடவையில் போட்டது என்று புரிந்தது. அவரே அள்ளியிருந்தால் காசுகள் கிடைத்திருக்கும், இந்தச் செய்தி கிடைத்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் நில உரிமையாளரின் அனுமதி கட்டாயம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றி டிடெக்டரை உபயோகிப்பது குற்றம். 1996ம் வருடத்துப் புதையல் சட்டத்தின்படி, 300 வருடங்களுக்கு மேற்பட்ட வெள்ளி அல்லது தங்கக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் கிடைத்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மியூசியம் எடுத்துக்கொண்டால் உரிய விலை கிடைக்கும். பெரும்பாலும் கண்டெடுத்தவரும் நில உரிமையாளரும் பங்கிட்டுக்கொள்வார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் ஊர்க் கோட்டைமேட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்! இந்தியாவில் 1878ம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைத்தண்டனை உண்டு.

எதை வாங்கலாம்?

இங்கிலாந்தில் இருக்கும் உறவினர்களோ நண்பர்களோ கேட்டால் நான் சொல்வது இதைத்தான். பல ஃப்ரீக்வென்சியில் வேலை செய்யும் நடுத்தர விலைக் கருவி ஒன்று, கூடவே ஒரு சின்னக் காயில். கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு மெல்லிய வெள்ளிக் காசும் நான்கு துருப்பிடித்த ஆணிகளும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். கடைக்காரர் காசை மட்டும் ஆட்டிக் காட்டினால், பக்கத்தில் ஆணியை வைத்துவிட்டு மறுபடி ஆட்டச் சொல்ல வேண்டும். அப்போதும் கூப்பிடுகிற கருவிக்குத்தான் காசு கொடுக்கலாம்.