சுவர் காய்கிறதா, இறுகுகிறதா?

மதுரைக்கு மேற்கே, சமணர் மலையின் அடிவாரத்தில் கீழக்குயில்குடி என்றோர் ஊர் இருக்கிறது. மார்கழி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் அங்கே போய்ப் பாருங்கள். மலைப் பாறைகளின் மேல் மெல்லிய பனி மூட்டம் நிற்கும். புதிதாக வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு மனையில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு குடத்துடன், முந்தாநாள் எழுப்பிய சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்கள். கொத்தனாரும் சித்தாளும் வருவதற்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும். இதற்கென்று தனியாக ஆள் வைக்கப் பெரும்பாலோருக்குக் கையில் பணம் இருப்பதில்லை. வீடு கட்டுகிறவர்களே செய்துகொள்ளும் வேலை இது.

இதைப் பார்க்கும் உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். பனியில் சுவர் ஏற்கெனவே நனைந்து கிடக்கிறது. குளிரில் அது காய்வதே கடினம். இன்னும் எதற்குத் தண்ணீர்?

ஐயம் 'காய்வது' என்ற சொல்லில் இருந்து பிறக்கிறது. நம் வீடுகளில் எல்லோரும் "சிமென்டு காய்ந்துவிட்டதா?" என்றுதான் கேட்கிறோம். உண்மையில் சிமென்டு காய்ந்து கெட்டியாவதில்லை. சிமென்டில் கால்சியம் சிலிகேட்டுகள் உள்ளன. தண்ணீர் பட்டதும் அவை அதனுடன் வேதிவினை புரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளும் தகடுகளுமாக வளர்கின்றன. இவை ஒன்றோடொன்று பின்னி, மணலையும் ஜல்லியையும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. இதற்கு நீரேற்றம் என்று பெயர். வினையின்போது வெப்பமும் வெளிப்படும். தண்ணீர் இங்கே ஆவியாகிப் போகவேண்டிய விருந்தாளி அல்ல, கல்லின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும் பொருள். தண்ணீர் தீர்ந்தால் வினை நிற்கும். சுவர் எட்டிய வலிமையோடு நின்றுவிடும்.

"கலவை குழைக்கும்போதே தண்ணீர் ஊற்றுகிறார்களே, அது போதாதா?" என்று கூர்மையான மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு வேதிவினையில் சேரும் தண்ணீர் ஏறக்குறைய 12 லிட்டர்தான். குழைப்பவர்கள் விடுவதோ 25 லிட்டருக்குக் குறையாது. ஆனால் வெயிலும் காற்றும் மேற்பரப்பிலிருந்து அதைத் திருடிக்கொண்டே இருக்கின்றன. பூச்சு போன்ற மெல்லிய பகுதிகள் ஓரிரு நாளில் வறண்டுவிடும். பனி அதை ஈடுசெய்யாது. ஓர் இரவில் படியும் பனிநீர் அரை மில்லிமீட்டர் தடிமன் கூட வராது. ஆகவே குடத்துக்கு வேலை இருக்கிறது. கட்டடத் தொழிலில் 'கியூரிங்' என்பார்கள். நீராற்றுதல் என்பது நல்ல தமிழ். சாதாரண சிமென்டாக இருந்தால் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமென்டானால் 10 நாள் என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 கூறுகிறது. இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி கலப்புச் சிமென்டுதான் என்பதால் 10 நாள் என்று வைத்துக்கொள்வதே சரி.

மதுரையின் மார்கழிக் குளிர் 20 டிகிரி செல்சியசை ஒட்டி நின்றுவிடுகிறது. உண்மையான குளிரில் வீடு கட்டினால் என்ன ஆகும்? இமயமலைக்குப் போவோம்.

இங்கிலாந்துக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும், கேரளத்து மருத்துவர் எலிசபெத்தும் 1948இல் மணம்புரிந்து, இன்றைய உத்தராகண்டில் உள்ள பித்தோராகட் மலைப்பகுதிக்குச் சென்றார்கள். மருத்துவர் வந்திருப்பதை அறிந்து மலைமக்கள் கூடவே, இருவரும் அங்கேயே தங்கி, ஒரு சரிவில் தங்கள் வீட்டையும் மருத்துவமனையையும் கட்டிக்கொண்டார்கள். 1963இல்தான் கேரளத்துக்குத் திரும்பினார்கள். பர்மிங்காமில் தாம் படித்த படிப்பு அந்த மலைக்குப் போதவில்லை என்பதைப் பேக்கர் விரைவில் கண்டுகொண்டார். உள்ளூர்க் கல்லையும் மண்ணையும் கொண்டு மலைமக்கள் கட்டிய வீடுகளே அவருக்குப் பாடநூல் ஆயின.

அந்த மலை வீடுகளில் பாரத்தைத் தாங்குவது கல்லின் மேல் கல். இடையிலுள்ள மண் வெறும் மெத்தை. மண் மட்டும் மெய்யாகவே 'காய்ந்து' கெட்டியாகிறது. அதில் நின்றுபோவதற்கு வேதிவினை ஒன்றுமில்லை. சிமென்டுக்கோ குளிர் பெரும் பகை. எவ்வளவு பகை என்பதை எளிய கணக்கால் அறியலாம். இங்கிலாந்தில் நர்ஸ், சால் என்ற இருவர் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் தந்த முறை இது: வெப்பநிலையோடு 10ஐக் கூட்டி நாள்களால் பெருக்குங்கள். கிடைக்கும் எண் கான்கிரீட்டின் 'பக்குவம்'. மதுரையில் 25 டிகிரியில் 7 நாள் என்றால் 35 × 7 = 245. மலையில் சராசரி 5 டிகிரி என்றால் ஒரு நாளுக்கு 15தான். அதே 245ஐ எட்டப் பதினாறு நாளுக்கு மேல் ஆகும். சுழிக்குக் கீழே 10 டிகிரியில் கணக்கு சுழியாகிவிடும். இது தோராயமான விதிதான். ஆனால் போக்கைச் சரியாகக் காட்டுகிறது.

தாமதம் மட்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது. இறுகாத கான்கிரீட்டுக்குள் இது நடந்தால், வளரத் தொடங்கிய இழைகள் உள்ளுக்குள்ளேயே பிய்ந்துபோகும். ஒரே இரவின் உறைபனி வலிமையில் பாதியைக்கூடக் கொண்டுபோய்விடும்; பிறகு எத்தனை நாள் நீராற்றினாலும் இழந்தது முழுதும் திரும்பாது.

அப்படியானால் குளிர்நாட்டில் என்ன செய்கிறார்கள்? கலவைத் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். மணலையும் ஜல்லியையும் விட்டுவிட்டு, அளவில் குறைந்த தண்ணீரைச் சூடாக்குவானேன்? உங்கள் ஆய்வகத்துக் கலோரிமீட்டர் சோதனையை நினைவுகூருங்கள். அதற்குக் 'கலவை முறை' என்று பெயர் வைத்தவர் கொத்தனாரை நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் பொருத்தமான பெயர்! தண்ணீரின் தன்வெப்பம் 1. கல், மணல், சிமென்டு இவற்றுக்குச் சுமார் 0.2. 350 கிலோ திடப்பொருள்கள் 2 டிகிரியில் இருக்கின்றன. 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கிச் சேர்க்கிறோம். 350 × 0.2 = 70. ஆகவே (70 × 2 + 25 × 60) ÷ 95 = 17 டிகிரி. கிட்டத்தட்ட நம் மார்கழிக் காலை! ஆனால் வெந்நீரை நேரே சிமென்டில் ஊற்றலாகாது, உடனே கட்டிபிடித்துவிடும். மணல் ஜல்லியோடு முதலில் கலக்க வேண்டும். போட்ட பின் வைக்கோலாலோ தார்ப்பாயாலோ மூடிவிட்டால், வினையில் வெளிப்படும் வெப்பமே போர்வைக்குள் தங்கிக் காக்கும். டொரொண்டோவில் உறவினர் இருந்தால் கேட்டுப்பாருங்கள்; தார்ப்பாய் சுற்றி, உள்ளே வெப்பக்காற்று ஊதும் கட்டடங்களைப் பனிக்காலத்தில் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

நாட்காட்டியை மட்டும் நம்பி, வெப்பநிலையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடிய சான்று உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ ஐலண்டு என்ற இடத்தில் அனல்மின் நிலையக் குளிர்விப்புக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. தொழிலாளர் நின்ற சாரம், கோபுரத்தின் கான்கிரீட்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது. 1978 ஏப்ரல் 27 அன்று, முந்தைய நாள் போட்ட கான்கிரீட்டின் மேல் பாரம் ஏறியபோது அது பெயர்ந்து, சாரம் முழுதும் சரிந்தது. 51 பேர் இறந்தனர். குளிரில் கிடந்த அந்தக் கான்கிரீட்டுக்குப் போதிய வலிமை வந்திருக்கவில்லை என்று ஆய்வில் தெரிந்தது.

நம் சமவெளிக்கு இந்த அச்சம் இல்லை. நிதானமாக இறுகும் கான்கிரீட்டு, வெயிலில் அவசரமாக இறுகுவதைவிட இறுதியில் சற்று வலிமையாகவே இருக்கும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் கண்மாயிலும் கிணற்றிலும் தண்ணீரும் கிடைக்கும். மார்கழியில் புது வேலை தொடங்க மாட்டார்கள். ஆனால் தொடங்கிய வேலைக்கு இதைவிட நல்ல பருவம் இல்லை என்பேன். 40 டிகிரிச் சித்திரை வெயிலில் தளம் போடுபவர்களுக்குத்தான் சோதனை. அவர்கள் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவும், சுவரில் ஈரச் சாக்குத் தொங்கவிடவும் வேண்டியிருக்கும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மூன்று காலித் தீப்பெட்டிகளின் உள்ளே பாலிதீன் தாள் விரித்து, ஒரு பங்கு சிமென்டு, மூன்று பங்கு மணல் கலந்த கலவையை நிரப்புங்கள். சிமென்டுக் கலவை தோலை அரிக்கும். கையுறை அணிந்து செய்யுங்கள். ஒன்றை உடனே குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வையுங்கள். மற்ற இரண்டையும் ஒரு நாள் நிழலில் விட்டு, பிறகு ஒன்றை வெயிலிலும் மற்றதைத் தண்ணீருக்குள்ளும் போடுங்கள். எட்டாம் நாள் மூன்றையும் வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்ததும் ஓர் ஆணியால் கீறி, எதில் எவ்வளவு தூள் உதிர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.