குறட்டை, முட்டிவலி, கழுத்துக் கருப்பு: அதிக எடை தரும் எச்சரிக்கைகள்

"நல்லா சாப்பிடுற உடம்பு", "கல்யாணம் ஆனா வெயிட் போடத்தான் செய்யும்". இப்படிச் சொல்லித்தான் நம் வீடுகளில் எடை கூடுவதைக் கடந்து போகிறோம். ஆனால் எடை ஒரு அளவைத் தாண்டினால் அது தோற்றம் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் உடல் பருமனை நாள்பட்ட நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2015-16இல் தமிழ்நாட்டில் 30.9 சதவீதப் பெண்களும் 28.2 சதவீத ஆண்களும் அதிக எடையுடன் இருந்தார்கள். 2019-21இல் இது பெண்களில் 40.4, ஆண்களில் 37 சதவீதமாக உயர்ந்துவிட்டது. அதாவது, பத்துப் பெண்களில் நால்வர்.

நீங்கள் எந்த அளவில் இருக்கிறீர்கள்?

உங்கள் செல்போனில் கால்குலேட்டரைத் திறங்க. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுங்க. வருகிற எண்தான் பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீடு. உதாரணமாக, 160 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் எடை 96 கிலோ என்றால், 96 ÷ 1.6 ÷ 1.6 = 37.5.

இந்தியர்களுக்கு 23 முதல் அதிக எடை என்றும், 25 முதல் உடல் பருமன் என்றும் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். 35ஐத் தாண்டுவது தீவிர நிலை. நமக்கு வயிற்றில் கொழுப்பு சேரும் இயல்பு அதிகம் என்பதால், டேப் வைத்து இடுப்பையும் அளந்து பாருங்க. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அது ரத்தத்தில் கொழுப்பு அமிலங்களையும் அழற்சியை உண்டாக்கும் பொருள்களையும் விடுகிறது. இதனால் இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை ஏறும், பிபி கூடும், ரத்தக்குழாய்களில் கொழுப்பு படியும். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி இப்படித்தான் திறக்கிறது.

இவை முற்றுவதற்கு முன்பே உடம்பு சில அடையாளங்களைக் காட்டும்.

கழுத்துக் கருப்பு: கழுத்தின் பின்புறமும் அக்குளும் தடித்துக் கருத்துப்போகும். அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் இது. பிள்ளைகளுக்கு இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்க.

குறட்டை: "அசந்து தூங்குறார்" என்று விட்டுவிடுகிறோம். தொண்டையைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு தூக்கத்தில் மூச்சுப்பாதையை அடைக்கும். குறட்டை சட்டென்று நிற்கும், மூச்சும் நிற்கும், சில நொடிகளில் திடுக்கிட்டு மூச்சு வரும். ஒரே இரவில் இது பல முறை நடக்கலாம். காலையில் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம், மருந்துக்கு அடங்காத பிபி ஆகியவை இதன் விளைவுகள். பைக், ஆட்டோ, லாரி ஓட்டுபவர் என்றால் சாலையில் கண் அசந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. இதைப் பக்கத்தில் படுப்பவர்தான் முதலில் கவனிக்க முடியும். ஆகவே வீட்டில் இருப்பவர்கள் கவனித்துச் சொல்லுங்க.

முட்டிவலி: எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், 20 கிலோ கூடுதல் எடை மூட்டை எவ்வளவு சீக்கிரம் தேய்க்கும் என்று புரியும். வலியால் நடை குறையும், நடை குறைவதால் எடை இன்னும் கூடும்.

கல்லீரல் கொழுப்பு: குடிக்காதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு படியும். ஆரம்பத்தில் எந்த வலியும் இருக்காது. கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் கல்லீரல் சுருக்கம் வரை போகும்.

பெண்களுக்கு மாதவிடாய் தப்புதல், கருத்தரிப்பதில் சிரமம், கர்ப்பகாலச் சர்க்கரை ஆகியவற்றின் வாய்ப்பு கூடுகிறது. கருப்பை, மார்பகம், பெருங்குடல் உட்பட 13 வகைப் புற்றுநோய்களுக்கும் அதிக எடைக்கும் தொடர்பு உண்டு என்று 2016இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதி செய்தது.

கேலி வேண்டாம்

அதிக எடை உள்ள பலர் மருத்துவமனைக்கே போவதில்லை. எடை மெஷினில் ஏறச் சொல்வார்கள், நாலு பேர் முன்னால் திட்டுவார்கள் என்ற கூச்சம்தான் காரணம். பரம்பரை, தைராய்டு, சில மருந்துகள், தூக்கமின்மை, மனஅழுத்தம் எல்லாமே எடையைக் கூட்டும். "வாயைக் கட்டு" என்று சொல்வதால் யாருக்கும் எடை குறைந்ததில்லை. கேலியால் தள்ளிப்போகும் ஒவ்வொரு வருஷமும் சர்க்கரையும் பிபியும் சத்தமில்லாமல் வேலையைக் காட்டுகின்றன.

எவ்வளவு குறைத்தால் போதும்?

பாதி எடை குறைய வேண்டியதில்லை. 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, பிபி, கல்லீரல் கொழுப்பு எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரியும். 96 கிலோ உள்ளவருக்கு அது சுமார் 5 முதல் 10 கிலோ.

சென்னை ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நம்பிக்கை தருகிறது. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரை இரண்டரை ஆண்டுகள் கவனித்தார்கள். உணவையும் நடையையும் சரிசெய்த பிரிவினருக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை.

டீயில் இருந்தே தொடங்கலாம். நாளைக்கு 4 டீ, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரை உள்ளே போகிறது. தட்டில் சோற்றைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டுங்க. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடங்க. முட்டிவலி இருந்தால் மருத்துவரைக் கேட்டுப் பத்து நிமிடத்தில் இருந்து தொடங்குங்க.

எங்கே போகலாம்?

• பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை, பிபி, சர்க்கரை ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கலாம். குறட்டை, மூச்சுவாங்கல், மாதவிடாய்ச் சிக்கல் இருந்தால் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்க.

• 2021இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு.

• சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் என்றால் தாமதிக்காமல் 108.

• பி.எம்.ஐ. 37.5க்கு மேல், அல்லது சர்க்கரை போன்ற நோய்களுடன் 32.5க்கு மேல் இருப்பவர்களுக்கு எடை குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆலோசனை கேளுங்க. அங்குள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பிரிவிலும் விசாரித்துக்கொள்ளுங்க.

வாட்ஸ்அப்பில் வரும் "பத்தே நாளில் பத்து கிலோ" பவுடர், கஷாயம் எதையும் வாங்கிச் சாப்பிடாதீங்க. எடை குறைக்கும் ஊசிகளையும் மருத்துவர் எழுதித் தராமல் போடக்கூடாது. சர்க்கரைக்கோ பிபிக்கோ மாத்திரை எடுப்பவர்கள், எடை குறைகிறது என்று தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. அளவைக் குறைப்பதா வேண்டாமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

இன்றைக்கு வீட்டில் எல்லோருடைய பி.எம்.ஐ.யையும் இடுப்பளவையும் கணக்கிட்டு போனில் குறித்து வையுங்க. மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்க. 25ஐத் தாண்டியவர் யாராவது இருந்தால், இந்த வாரமே அவரைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்க. தனியாக அனுப்பாமல் கூடவே போனால் கூச்சமும் பாதி குறையும்.