பள்ளி மணியை மாற்றிய மென்பொருள்!

அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிப் பேருந்துகளுக்கு வழித்தடம் வகுக்க, எம்.ஐ.டி. ஆய்வு மாணவர்கள் தங்கள் பேராசிரியருடன் சேர்ந்து 2017-ல் ஒரு மென்பொருள் உருவாக்கினார்கள். சுமார் 50 பேருந்துகள் மிச்சமாயின.

அடுத்து, பள்ளி தொடங்கும் நேரங்களையும் அதே குழு கணக்கிட்டது. பதின்வயதுப் பிள்ளைகள் காலையில் கூடுதலாகத் தூங்கலாம், செலவும் குறையும். நல்ல நோக்கம்தான். ஆனால், பத்தில் எட்டுப் பள்ளிகளுக்கு மேல் நேரம் மாறியது. சில தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை 7.15-க்கே மணி!

மதியமே வீடு திரும்பும் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று, வேலைக்குப் போகும் பெற்றோர் கொதித்தார்கள். டிசம்பரில் அறிவித்த திட்டம், அந்த மாதமே கைவிடப்பட்டது.

புராஜெக்ட்டுக்காக அட்டவணை மென்பொருள் எழுதும் மாணவர்களே, கோடிங்கைத் தொடங்கும் முன்பு, அந்த அட்டவணைப்படி ஓடப்போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!