நெல் சிப்பத்துக்கு எம்.ஜி.ஆர். காலத்து விலை

காவிரி டெல்டாவில் அறுவடை முடிந்த கையோடு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவியும். வானம் கறுத்தால் தார்ப்பாயைத் தேடி ஓட வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி காயப்போடச் சொல்வார்கள். எல்லாம் சரியாக இருந்தால் தூற்றி, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, எடை போட்டு அடுக்குவார்கள். விற்க வந்தவருக்குக் கவலை மழையைப் பற்றியும், லாரி எப்போது வரும், பணம் எப்போது வங்கிக் கணக்கில் ஏறும் என்பதைப் பற்றியும்தான். அதே சிப்பம் ஜெனீவாவில் இன்னொரு கணக்கிலும் ஏறுகிறது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம் வைத்திருக்கும் கணக்கு அது. 1995இல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தின்படி, இந்தியா போன்ற வளரும் நாடு ஒரு பயிருக்குத் தரும் விலை ஆதரவு, அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஆதரவு எவ்வளவு என்று எதைவைத்துக் கணக்கிடுவது? அரசு தரும் விலைக்கும் இன்றைய சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் என்றுதான் நாம் நினைப்போம். ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. 1986 முதல் 1988 வரை இருந்த சர்வதேச விலையின் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும் என்கிறது. 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அதைக் கொண்டுபோய் எம்.ஜி.ஆர். காலத்து விலைக்குப் பக்கத்தில் வைத்தால், இடையில் ஏறிய விலைவாசி முழுவதும் மானியமாகத் தெரியும். டீசல் விலை, உர விலை, நடவுக்கூலி ஏறியதையெல்லாம் இந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை.

2018-19இல் இந்தச் சிக்கல் வெடித்தது. அந்த ஆண்டு இந்தியாவின் நெல் உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர். ஒப்பந்தக் கணக்குப்படி நெல்லுக்கான ஆதரவு 500 கோடி டாலர். வரம்பு தாண்டிவிட்டது. வழக்கு வராமல் காத்தது 2013 டிசம்பரில் பாலியில் நடந்த மாநாட்டில் இந்தியா போராடிப் பெற்ற ஒரு ஏற்பாடு. ‘சமாதான விதி’ என்று அதற்குப் பெயர். உணவுக் கையிருப்புக்காகத் தானியம் வாங்கும் வளரும் நாடு வரம்பு மீறினாலும், நிரந்தரத் தீர்வு வரும்வரை பிற நாடுகள் வழக்குப் போடாது. அந்த விதியின் பின்னால் முதன்முதலில் ஒதுங்கிய நாடு இந்தியா. நிரந்தரத் தீர்வை 2017க்குள் காண்பதாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தேதி எப்போதோ போய்விட்டது. போதாக்குறைக்கு, 2013 டிசம்பரில் நடப்பில் இருந்த திட்டங்களுக்கு மட்டுமே அந்தக் குடை. புதிதாக ஒன்று தொடங்கினால் நனைய வேண்டியதுதான்.

இதில் ‘ஏழை நாடுகள் ஒரு பக்கம், பணக்கார நாடுகள் மறுபக்கம்’ என்று கோடு போட்டுவிட முடியாது. இந்தியாவின் கொள்முதலைப் பற்றிக் குறைபடுவோரில் தாய்லாந்தும் பாகிஸ்தானும் உண்டு. இரண்டும் அரிசி ஏற்றுமதி செய்பவை. இந்தியக் கிடங்கிலிருந்து வெளியே வரும் மலிவு அரிசி தங்கள் விவசாயியின் வயிற்றில் அடிக்கும் என்பது அவர்கள் வாதம். அது வெறும் சாக்கு அல்ல.

ஜெனீவாவில் ஒரு பழைய வழக்கம் உண்டு. உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் 166. முடிவுகள் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும். ஆனால் முடிச்சு விழும்போது, தலைமை இயக்குநர் சில பத்து நாடுகளை மட்டும் ஒரு சிறிய அறைக்கு அழைத்துப் பேசுவார். பச்சை அறை என்று அதற்குப் பெயர். இந்தியா, பிரேசில் போன்றவற்றுக்கு அங்கே நாற்காலி கிடைத்துவிடும். ஜெனீவாவில் தூதரகமே வைக்க வசதியில்லாத பசிபிக் தீவு நாட்டுக்கு, உள்ளே என்ன பேசினார்கள் என்பது அறைக்கதவு திறந்த பிறகுதான் தெரியும்.

வேறொரு மேடையில், அழைப்புக்குக் காத்திருக்காமல் தன் கையில் இருந்த ஒரே சீட்டை வைத்துப் பேரம் பேசிய நாடு இந்தோனேசியா. 2007ஆம் ஆண்டு. பறவைக் காய்ச்சலுக்கு அதிகம் பேரைப் பலிகொடுத்திருந்த நாடு அப்போது அதுதான். 1952 முதல் இருந்துவந்த முறைப்படி, நோயாளிகளிடம் எடுத்த வைரஸ் மாதிரிகளை இந்தோனேசியா உலக சுகாதார அமைப்பின் ஆய்வகங்களுக்கு இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வைரஸிலிருந்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி உருவாக்குகிறது என்ற செய்தி ஜகார்த்தாவுக்கு வந்து சேர்ந்தது. வைரஸ் இவர்களுடையது, ஊசியை மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்க வரிசையில் நின்றாலும் முன்னால் பணக்கார நாடுகள் நிற்கும். சுகாதார அமைச்சர் சிதி ஃபாதிலா சுபாரி மாதிரி அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

உலகமே கொதித்தது. கொள்ளைநோய் வாசலில் நிற்கும்போது வைரஸை ஒளித்துவைக்கலாமா என்ற கேள்வியில் நியாயம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்தப் பிடிவாதம் இல்லாமல் 2011ஆம் ஆண்டின் உடன்பாடு வந்திருக்குமா என்பது சந்தேகம். ஃப்ளூ வைரஸ் மாதிரிகளைப் பெறும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் நிதி தர வேண்டும், கொள்ளைநோய்க் காலத்தில் தடுப்பூசியில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்று அப்போது எழுத்தில் ஏறியது. ஓட்டை ஒன்றுதான்: ஃப்ளூவுக்கு மட்டும்.

அதனால் கொரோனா வந்தபோது அந்த உடன்பாடு உதவவில்லை. 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா ஒமிக்ரான் வகையைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தது. இரண்டே நாளில் அதன் விமானங்களுக்குக் கதவுகள் அடைபட்டன. சொன்னதற்குக் கிடைத்த சன்மானம் அது! அதற்கு ஓராண்டு முன்பே, 2020 அக்டோபர் 2இல், கொரோனா மருந்து, தடுப்பூசி, பரிசோதனைக் கருவிகளுக்கான காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டுமென்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பிடம் மனுக் கொடுத்திருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. முடிவு வர 2022 ஜூன் ஆனது. கிடைத்தது தடுப்பூசிக்கு மட்டும், அதுவும் மூலக் கோரிக்கையின் நிழலாக. அதற்குள் இந்தியாவில் தடுப்பூசி வாங்க ஆளில்லாமல் உற்பத்தி பெருமளவு நின்றிருந்தது.

எழுத்தில் சலுகை கிடைத்தாலும் அது கைக்கு வந்து சேரும் வழி எப்படியிருக்கும் என்பதற்கு ருவாண்டாவின் மாத்திரைகளைவிட நல்ல உதாரணம் இல்லை. மருந்து தயாரிக்க வசதியில்லாத நாட்டுக்காக வேறொரு நாடு காப்புரிமையை ஒதுக்கிவைத்துத் தயாரித்து அனுப்பலாம் என்று 2003 ஆகஸ்டில் உலக வர்த்தக அமைப்பு அனுமதித்தது. 2007 ஜூலையில் ருவாண்டா எச்.ஐ.வி. கூட்டுமருந்து 2,60,000 பொட்டலம் வேண்டும் என்று அறிவித்தது. கனடாவின் அப்போடெக்ஸ் நிறுவனம் உரிமம் கேட்டது. ருவாண்டாவின் அறிவிப்பு ஒன்று, கனடாவின் அறிவிப்பு ஒன்று, எவ்வளவு அனுப்புகிறோம் என்ற விவரத்துக்கு ஓர் இணையதளம். வழியில் வேறு சந்தைக்குத் திருப்பிவிடாதபடி மாத்திரையிலேயே தனி அடையாளம் பொறிக்க வேண்டும், நிறத்தையும் மாற்ற வேண்டும். முதல் தவணை போய்ச் சேர்ந்தது 2008 செப்டம்பரில்; அடுத்தது 2009இல். மருந்து தேவைப்பட்டவர்கள் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். 2021இல் பொலிவியா இதே வழியில் கனடாவிலிருந்து கொரோனா தடுப்பூசி வாங்கப் பார்த்தது. ஒரு குப்பிகூட வரவில்லை.

2025 மே மாதம் உலக சுகாதார அமைப்பு பெருந்தொற்று உடன்பாட்டை ஏற்றது: ஆதரவு 124, எதிர்ப்பு இல்லை, விலகி நின்றவை 11. பெருந்தொற்று நேரத்தில் தயாராகும் ஊசி, மருந்தில் 20 சதவீதத்தை உலக சுகாதார அமைப்புக்கு ஒதுக்கவும், அதில் குறைந்தது பாதியை இலவசமாகத் தரவும் அதில் வழி இருக்கிறது. ஆனால் வைரஸ் மாதிரியைக் கொடுப்பவருக்கு என்ன, எடுப்பவருக்கு என்ன கடமை என்பதைத் தனி இணைப்பாகப் பிறகு எழுதலாம் என்று தள்ளிவைத்தார்கள். இணைப்பு முடியாமல் உடன்பாட்டில் கையெழுத்திடவே முடியாது. சுபாரி கேட்ட கேள்வி பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்பும் பதிலில்லாமல் அங்கேயே நின்றது.

வரி விவகாரத்தில் சண்டை எந்த அறையில் பேசுவது என்பதைப் பற்றியதாகவே ஆகிவிட்டது. ஒரு நாட்டில் அலுவலகமோ தொழிற்சாலையோ வைக்காமலே அங்குள்ளவர்களுக்கு விளம்பரம் காட்டிச் சம்பாதிக்கும் நிறுவனத்திடம் அந்த நாடு எப்படி வரி வாங்குவது? இந்தியா 2016இல் இணைய விளம்பரத்துக்கு 6 சதவீத வரி போட்டது. பேச்சுவழக்கில் கூகுள் வரி. அமெரிக்கா முறைத்தது. 2025 ஏப்ரலில் இந்தியா அதைக் கைவிட்டது.

இதற்குப் பொது விதி எழுதும் பொறுப்பு பாரிஸில் இருக்கும் ஓ.இ.சி.டி. அமைப்பிடம் இருந்தது, அது பெரும்பாலும் பணக்கார நாடுகளின் சங்கம். 2021 அக்டோபரில், பேச்சில் இருந்த 140 நாடுகளில் 136 அதன் திட்டத்தை ஏற்றன. பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி. மிகப் பெரிய நிறுவனங்களின் மிகுதி லாபத்தில் கொஞ்சம் வாடிக்கையாளர் இருக்கும் நாட்டுக்கு. இந்த இரண்டாவது விதிக்குள் வர ஒரு நிறுவனத்தின் ஆண்டு வருமானம் 2,000 கோடி யூரோவைத் தாண்ட வேண்டும். உலகில் சுமார் நூறு நிறுவனங்களே தேறும். பதிலுக்கு, நாடுகள் தாங்களாகப் போட்ட டிஜிட்டல் வரியை விட்டுவிட வேண்டும். கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நான்கும் அன்று சம்மதிக்கவில்லை.

நைஜீரியா சும்மா இருக்கவில்லை. ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்த்துக்கொண்டு விஷயத்தை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. அங்கே நவுருவுக்கும் ஒரு வாக்கு, ஜெர்மனிக்கும் ஒரு வாக்கு. 2023 நவம்பரில் வாக்கெடுப்பு: ஐ.நா.விலேயே வரி உடன்படிக்கை எழுதலாம் என்று 125 நாடுகள், வேண்டாம் என்று 48. வேண்டாம் என்றவற்றில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் அடக்கம். 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் பேச்சு தொடங்கியபோது அமெரிக்கப் பிரதிநிதி தம் நாடு இதில் கலந்துகொள்ளாது என்று அறிவித்துவிட்டு எழுந்து போனார். எதிர்த்து வாக்களித்த ஐரோப்பிய நாடுகள் உட்கார்ந்தே இருந்தன. வரைவை 2027க்குள் முடிக்க வேண்டும். 2025 நவம்பர் மாதச் சுற்றுக்குப் பேச்சாளர்கள் பாரிஸுக்குப் போகவில்லை. நைரோபிக்கு விமானம் ஏறினார்கள்.