ஜிம்னிக்கு லிஃப்ட் ஸ்பிரிங்: முதல்ல எடைக் கணக்கு

ரூஃப் டென்ட், டிராயர், ஃப்ரிட்ஜ்னு ஏத்தியாச்சு, ஜிம்னி பின்பக்கம் தாழ்ந்து நிக்குது. உடனே "2 இன்ச் லிஃப்ட் கிட்" தேடுறீங்க. கடையில முதல்ல கேட்க வேண்டியது, அந்த ஸ்பிரிங் எத்தனை கிலோ கூடுதல் எடைக்குன்னுதான்.

எப்பவும் வண்டியிலேயே இருக்கிற எடை இஎம்ஐ மாதிரி. ட்ரிப்புக்கு மட்டும் ஏத்துறது தீபாவளி செலவு மாதிரி. ஸ்பிரிங்கை இஎம்ஐ எடைக்குத் தேர்ந்தெடுங்க. பின் ஆக்ஸில் மேல நிரந்தரமா 100 கிலோன்னா, ஒரு ஸ்பிரிங்குக்கு 50. ஒரு மி.மீ. அமுங்க 2.5 கிலோ கேட்கிற ஸ்பிரிங்னா 20 மி.மீ. இறங்கும். தீபாவளி எடைக்கு ஹெவி ஸ்பிரிங் போட்டா, ஆபீஸ் போற 5 நாளும் முதுகுதான் வட்டி கட்டும். வே பிரிட்ஜ்ல முன், பின் ஆக்ஸிலைத் தனித்தனியா எடை போட்டுட்டு கடைக்குப் போங்க.

ஆனா எந்த ஸ்பிரிங் போட்டாலும் அனுமதிச்ச எடை கூடாது. 5 கதவு ஜிம்னிக்கு மொத்த எடை வரம்பு 1,545 கிலோ. காலி வண்டியே சுமார் 1,200. தலைக்கு 70 கிலோன்னு நாலு பேர் உட்கார்ந்தா 280. மிச்சம் 65 கிலோதான்! ரூஃப் டென்ட் ஒண்ணே 50 கிலோ வரலாம்.

வண்டியை மாத்தி அமைக்கிறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கட்டுப்பாடு வச்சிருக்கு. ஆர்டிஓகிட்டயும் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டயும் எழுத்துல கேட்டு, பதில் வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்க.